பந்தைப் பார்க்காத அன்ரி

அன்ரி பந்தைப் பார்க்க மாட்டார். நாங்கள் எல்லாரும் பந்து போகிற பக்கம் கழுத்தைத் திருப்பித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்போம். அவர் மட்டும் பேசாமல் இருந்து கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் சொல்வது அமெரிக்கக் கால்பந்து. பெயரில்தான் கால், பந்து முக்கால்வாசி நேரமும் கையில். பந்தை எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவர்போல நிற்பார்கள். லைன்மன் என்று பெயர். அவர்களுக்குப் பந்து கிடைக்காது, கைதட்டல் கிடைக்காது. எறிகிறவன்மேல் எதிராளி வந்து விழாமல் மறிப்பதுதான் அவர்களுடைய வேலை, ஆட்டம் தொடங்கி முடியும்வரைக்கும். அன்ரிக்கு அந்த ஐந்து பேரைத் தவிர வேறு ஒருவரையும் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை.

“பந்து போற இடத்துக்குப் போகட்டும் பிள்ளை. நீ உவன்ரை காலைப் பார். கால் ரெண்டையும் அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடிச்சு நிக்கிறான் பார். உப்பிடி நிக்கிறவனை ஒருத்தரும் தள்ளி விழுத்தேலாது” என்பார். சொல்லி வாய் மூடுவதற்குள் அவனை யாராவது தள்ளி விழுத்திவிடுவார்கள். அன்ரி சொன்ன பொடியன்கள் பெரும்பாலும் உருப்பட்டதில்லை. அதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை ஏதோ ஞானி என்று நினைத்துக்கொண்டு மேலே வாசிக்கவேண்டாம்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ஸ்காபரோவில் பாதிப்பேர், “அட, எங்கடை கலியாணத்தைப் பேசி முடிச்சவவல்லோ!” என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மீதிப்பேர், “எங்கடையைக் குழப்பினதும் அவதான்” என்பார்கள். சம்பந்தம் பேசுவது அவருக்குத் தொழில் அல்ல, ஒரு சதம் வாங்கமாட்டார். சும்மா இருக்க ஏலாத குணம், அவ்வளவுதான்.

நாங்கள் அப்போது மோர்னிங்சைட்டில் ஒரு உயரமான கட்டடத்தில், பன்னிரண்டாம் மாடியில், அன்ரிக்குப் பக்கத்து வீட்டில் இருந்தோம். நானும் இவரும். கலியாணம் முடித்துக் கொஞ்சக் காலம். அன்ரியின் வரவேற்பறை யன்னலால் பார்த்தால் கீழே சின்னச் சின்ன வீட்டுக் கூரைகளும், வானம் வெளித்த நாட்களில் தூரத்தில் ஏரி ஒரு சாம்பல் கோடாகவும் தெரியும். அந்த ஏரிக்கு அக்கரையில், எல்லை தாண்டி இருக்கிற ஒரு அணிக்காகத்தான் நாங்கள் உயிரை விட்டோம். ரொறன்ரோவில் இருந்துகொண்டு ஏன் அந்த அணி என்று கேட்காதீர்கள். அது எப்போதும் கடைசி நிமிடத்தில் தோற்கும். அப்படித் தோற்கிற ஒன்றின்மேல் எங்கள் சனத்துக்கு ஒரு பாசம் வந்துவிடுகிறது, என்ன செய்ய.

நான் சொல்லப்போகிற அந்த வசந்தத்தில் நான் பிள்ளைத்தாய்ச்சி. வயிறு முன்னால் போக நான் பின்னால் போகிற நிலைமை. எந்த நேரமும் நித்திரை. அன்ரியின் சோபாவில் ஒரு மூலை எனக்கென்று ஆகிவிட்டது. அங்கே சரிந்தேன் என்றால், பேச்சும் டீவிச் சத்தமும் ரோல்ஸ் பொரிகிற மணமும் ஒன்றோடொன்று கலந்து எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருக்கும். அந்த நாட்களில் எது நடந்தது, எதை நான் கனவில் கண்டேன் என்று இப்போது சத்தியம் பண்ணிச் சொல்ல எனக்கு ஏலாது. ஆனால் முக்கியமான இடங்களில் நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வருஷப்பிறப்புப் பலகாரம் முடிகிற கையோடு அன்ரி வீட்டில் டிராஃப்ட் வாதம் தொடங்கிவிடும். டிராஃப்ட் என்றால், பல்கலைக்கழகங்களில் விளையாடி முடித்த பொடியன்களை அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்கிற திருவிழா. வியாழன் மாலை தொடங்கிச் சனிக்கிழமை பின்னேரம் முடியும். எங்கள் அணி எந்த லைன்மனை எடுக்கவேண்டும் என்று நாங்கள் நாலு பேர் அதற்கு முன்னாலேயே கிழமைக்கணக்காக அடிபடுவோம், ஏதோ அணிக்காரர் எங்களைத்தான் கேட்டு முடிவெடுக்கப் போகிறவர்கள் என்ற நினைப்பில். யார் சொன்ன ஆளை அணி எடுக்கிறதோ அவருக்கு அந்த வருஷம் முழுக்க அன்ரியின் சாய்கதிரை. மற்றவர்கள் சோபாவில் நெருக்குப்படவேண்டும்.

நாலாவது ஆள் ஐந்தாம் மாடி அங்கிள். இளைப்பாறிய கணக்காளர், நல்ல மனுசன்தான், ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லை. லைன்மனின் கை நீளம், நெஞ்சளவு, ஓடுகிற வேகம் எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார். என்னுடைய மனுசன், இவர், கடைசியாக எந்த வீடியோ பார்த்தாரோ அதில் வந்தவனே உலகத்தில் சிறந்தவன் என்பார். அடுத்த நாள் வேறு வீடியோ, வேறு சிறந்தவன். அன்ரியின் முறை வேறு. அவர் அந்தப் பொடியன்களுக்குச் சம்பந்தம் பேசுகிறமாதிரித்தான் விசாரிப்பார்.

“பொடியன் எந்தப் பக்கம்?”

“ஜோர்ஜியா, அன்ரி.”

“தாய் தேப்பன்?”

“தேப்பன் லொறி ஓடுறவராம்.”

“சகோதரம்?”

“எனக்கென்னெண்டு தெரியும்!” என்று இவர் எரிந்து விழுவார்.

“தெரியாமல் என்னெண்டு எடுக்கிறது? அக்கா தங்கச்சியோடை வளந்தவனெண்டால் மறிச்சு நிக்கப் பழகியிருப்பான். தனிப்பிள்ளை எண்டால் தன்ரை பாட்டுக்குப் போவான்.”

“அன்ரி, உது கலியாணமில்லை, விளையாட்டு!” என்று அங்கிள் தலையில் அடிப்பார்.

“எல்லாம் ஒண்டுதான். ஆயிரம் பொய் சொல்லித்தான் ரெண்டையும் செய்யிறாங்கள்.”

இப்படிச் சிரிப்பாகத்தான் போகும். ஆனால் வாதம் நடக்கிற நேரம் முழுக்க அன்ரியின் கைபேசி சோபாவின் கைப்பிடியில் திரை மேலே பார்க்கக் கிடக்கும். அது வெளிச்சம் காட்டினால் அன்ரியின் முகமும் வெளிச்சம் காட்டும். வேறு யாராவது அனுப்பியது என்று கண்டவுடன் அணைந்துவிடும். அவர் எதிர்பார்த்தது தாரணியை. அவருடைய ஒரே மகள். பக்கத்து ஊர் அஜக்ஸில்தான் இருந்தாள். காரில் கூப்பிடு தூரம். வருஷக்கணக்காக அவள் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை.

கதை கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். அன்ரியே எனக்கு ஒருநாள் ரோல்ஸுக்கு மா பிசைந்துகொண்டு சொன்னார். ஊர் முழுக்கச் சம்பந்தம் பேசினவர் சொந்த மகளுக்குச் சும்மா விடுவாரா? பத்துப் பொருத்தத்தில் பத்தும் பொருந்திய குறிப்பு. நல்ல குடும்பம், நல்ல வேலை. மண்டபம் நிறைந்த சனம். இரண்டு வருஷம் கழித்து ஒரு பனிக்காலத்து மத்தியானம் தாரணி ஒரு பையோடு தாயின் கதவைத் தட்டினாள். மாமியின் வாய் தாங்கமுடியவில்லை, சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் முன்னால் கேவலப்படுத்துகிறா, அவன் பக்கத்தில் இருந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றாள்.

“நான் என்ன சொன்னனான் தெரியுமோ பிள்ளை? ‘சனம் என்ன சொல்லும், கொஞ்சம் பொறு’ எண்டனான். அண்டைக்கே டாக்சி பிடிச்சு, ஒரு பெட்டி லட்டும் வாங்கிக்கொண்டு, நானே கூட்டிக்கொண்டுபோய்த் திருப்பி விட்டிட்டு வந்தனான். வாசலிலை நிண்டு அவள் என்னைப் பார்த்த பார்வை...” அன்ரி மாவை உருட்டிக்கொண்டே இருந்தார். உருண்டை எப்போதோ உருண்டு முடிந்திருந்தது.

பிறகு தாரணி தானாகவே அந்த வீட்டை விட்டு வெளியேறினாள். தாயிடம் வரவில்லை. அஜக்ஸில் ஒரு சின்ன வீடு எடுத்துத் தனியாக இருந்தாள். போன் எடுத்தால் எடுக்கமாட்டாள். சுகமோ, சாப்பிட்டியோ என்று எழுதினால் பதில் இல்லை.

இந்த விளையாட்டுப் பைத்தியம் முதலில் தாரணியுடையது. பள்ளிக்கூடக் காலத்தில் டீவிக்கு முன்னால் நின்று துள்ளுவாளாம். “பொம்பிளைப் பிள்ளை உப்பிடிக் கத்தாதை” என்று அன்ரி ஏசுவாராம். மகள் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு மூச்சுமுட்ட, அன்ரி டீவியைப் போட்டிருக்கிறார். அதே அணி. பந்து வைத்திருந்தவன் முதுகில் அடிவாங்கிக் குப்புற விழுந்தான். அன்ரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளுக்கு எழுதினார்: உவன் ஏன் பிள்ளை விழுந்தவன்?

கொஞ்சநேரத்தில் பதில் வந்தது. இடதுபக்கத்தில் நின்றவன் மறிக்கவில்லை, அதுதான் அம்மா.

மாதக்கணக்கான மௌனத்துக்குப் பிறகு வந்த முதற் பதில் அதுதான். அதற்குப் பிறகு அன்ரி மறிக்கிறவர்களைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் மகள் பதில் எழுதுவாள். வேறு எதைக் கேட்டாலும் திரை இருட்டு.

அந்த வருஷம் இரண்டு பொடியன்கள் பேச்சில் அடிபட்டார்கள். ஒருவனுக்கு அன்ரி வைத்த பெயர் மலை. பெரிய பல்கலைக்கழகம், ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது, ஒருநாளும் ஒருவனையும் தன்னைத் தாண்ட விட்டதில்லை. மற்றவன் சோளக்காட்டுப் பொடியன். ஏதோ சோளம் விளைகிற பக்கத்துச் சின்னப் பல்கலைக்கழகம். அவனும் நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் ஒரே ஒரு ஆட்டத்தில் கண் எங்கேயோ போய்விட்டது. எதிராளி அவனைத் தாண்டிப்போய்ப் பந்தெறிகிறவனைச் சாய்த்தான்; அந்தப் பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நாலு பேரும் ஒரே சொல்லாக மலைதான் என்றோம். அன்ரிதான் எல்லாரையும்விட உரக்கச் சொன்னார். வாதம் பண்ண ஆள் இல்லாமல் அங்கிளுக்குச் சப்பென்று போய்விட்டது.

அப்போதுதான் அன்ரி அந்தக் கூத்தைச் செய்தார். இணையத்தில் தேடி மூன்று பேருடைய பிறந்த தேதியும் ஊரும் எடுத்தார். எங்கள் அணியில் பந்தெறிகிறவன், மலை, சோளக்காட்டுப் பொடியன். பிறந்த நேரம் கிடைக்கவில்லை. உத்தேசமாக விடியக்காலை என்று வைத்துக்கொண்டார். சாத்திரியாருக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் விட்டு, பொருத்தம் பார்க்கச் சொன்னார். யாருக்கும் யாருக்கும் என்று சொல்லவில்லை. மறிக்கிறவர்களைப் பொடியன்கள் என்றும் எறிகிறவனைப் பிள்ளை என்றும் சொன்னார். சாத்திரியார் பிள்ளை என்றால் பெண்பிள்ளை என்று எடுத்துக்கொண்டார்; எடுக்கத்தானே செய்வார்.

“பிள்ளை என்ன செய்யிறா?”

“எறியிற வேலை. நல்ல கெட்டித்தனம். ஆனால் அடிக்கடி அடி வாங்குது.”

“அடி வாங்குறாவோ! ஆரட்டை?”

“ஊரிலை இருக்கிற எல்லாரிட்டையும். அதுக்குத்தான் நல்ல பொடியனாப் பாக்கிறம்.”

“முருகா! சரி, பொடியன் ஆள் எப்பிடி?”

“முந்நூற்றிருபது இறாத்தல்.”

சாத்திரியார் மெல்லச் செருமி, “பொருத்தம் ஆறுதலாப் பாப்பம். முதலிலை நல்ல கட்டிலாப் பாத்து வாங்குங்கோ” என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் வயிற்றுப் பிள்ளை உதைத்தது. இவர் தரையில் உருண்டார். அங்கிள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அன்ரி உதட்டைக் கடித்துக்கொண்டு, சிரிப்பு வெளியே வராமல், பேனாவும் கையுமாக இருந்தார். சாத்திரியார் கணித்துவிட்டுத் திரும்பப் போனுக்கு வந்தார். சோளக்காட்டுப் பொடியனுக்கு நாலு பொருத்தம், பார்க்காமல் விடுவது நல்லது. மலைக்கு...

“மற்றப் பொடியன் பத்துக்குப் பத்து. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். உப்பிடி ஒரு பொருத்தம் நான் பாத்துக் கனகாலம்.”

அன்ரியின் முகம் செத்துப்போனது. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. நன்றி சொல்லிப் போனை வைத்தார். யன்னலுக்குப் போய் ஏரிப் பக்கமாக நின்றார். நாங்கள் இன்னும் கட்டிலைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

“எனக்கு மலை வேண்டாம்” என்றார், திரும்பாமல்.

“என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? சாத்திரியாரே சொல்லிப்போட்டார்!” என்றார் அங்கிள்.

“அதுதான் வேண்டாம் எண்டுறன். பத்துக்குப் பத்து நான் ஒருக்காப் பாத்திட்டன்.”

அங்கிளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. இவருக்கும் விளங்கியிருக்கவேண்டும், ஏனென்றால் நிலத்திலிருந்து எழும்பி ஒழுங்காக உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அன்ரி சோளக்காட்டுப் பொடியனின் கட்சி. அந்தப் பிழைவிட்ட ஆட்டத்தின் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னார். நாங்கள் அவன் விட்ட இடத்தைப் பார்த்தோம். அன்ரி அதற்குப் பிறகு வருவதைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் போகும்போது அந்தப் பெரிய உடம்புக்காரன் பக்கத்திலேயே நடந்துபோகிறான். விழுந்தவனுடைய தலைக்கவசத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருக்கிறான். கமரா அவனைச் சரியாகக்கூடக் காட்டவில்லை, ஓரத்தில்தான் வருகிறான்.

“ஆனைக்கும் அடி சறுக்கும். சறுக்கினவன் ஓடி ஒளிக்கேல்லைப் பார். பக்கத்திலை நடக்கிறான்.”

“நடந்து என்ன, விட்டவன் விட்டவன்தானே” என்றார் அங்கிள்.

“அதுக்குப் பிறகு ஒருத்தனையும் விடேல்லை. விட்டால் என்ன நடக்கும் எண்டு அவனுக்குத் தெரியும். மலைக்குத் தெரியாது.”

இந்த வாதத்துக்கு நடுவில்தான் நான் அந்தக் கனவைக் கண்டேன். எங்கள் பன்னிரண்டாம் மாடி நடையில், லிஃப்டுக்கு முன்னால், அந்த ஐந்து தடியர்களும் நிற்கிறார்கள். எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நடை முழுக்க அவர்களுடைய முதுகுதான், வெளிச்சம்கூட நுழைய இடமில்லை. எனக்குப் பயமாக இருக்கவில்லை. முகம் தெரிந்தால் எதிராளி, முதுகு தெரிந்தால் நம்முடைய ஆள் என்று கனவிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. முழித்தபோது யன்னலில் மழை. என்மேல் அன்ரியின் போர்வை. அன்ரி கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தார்.

“அவளுக்கு எழுதினனான்” என்றார் மெதுவாக. “சோளக்காட்டுப் பொடியனைத்தான் எடுக்கவேணும் எண்டு. பதில் வந்திருக்கு. வாசி.”

தாரணி எழுதியிருந்தாள்: நோ வே அம்மா. ஒருக்கா விட்டவன் திரும்பவும் விடுவான்.

நான் அன்ரியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன், அந்த மாதங்களில் எனக்குத் தண்ணீர்க் குழாய் திறந்தாலே அழுகை வரும்.

“‘விட்ட நாளிலையிருந்து அவனுக்கு ஒழுங்கா நித்திரை இல்லையாம்’ எண்டு எழுதட்டோ?”

“அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லையே அன்ரி. எந்த வீடியோவிலை வந்தது?”

“ஒண்டிலையும் வரேல்லை. எனக்குத் தெரியும்.”

ஒரு விரலால் எழுத்து எழுத்தாகக் குத்தினார். அனுப்பினார். கைபேசியைக் கைப்பிடியில் வைத்தார். அது வெளிச்சம் காட்டவில்லை. அடுத்த நாளும் காட்டவில்லை. அதற்கு அடுத்த நாள் அன்ரி ரோல்ஸுக்கு உப்புப் போட மறந்தார். யாரும் சொல்லாமல் சாப்பிட்டோம்.

வியாழன் மாலை எங்கள் அணி மலையை எடுத்தது. அங்கிள் வீடு அதிர எழும்பிக் குதித்து, நேராகப் போய்ச் சாய்கதிரையில் விழுந்தார். இவர் கை குலுக்கினார். அன்ரி, “நல்ல பொடியன். நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை. அடுப்புக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை சோளக்காட்டுப் பொடியனின் பெயரை ஒரு அணியும் சொல்லவில்லை. “உங்கடை ஆள் சந்தையிலை கிடந்து காயிறான் அன்ரி” என்று அங்கிள் கதிரையில் சாய்ந்தபடி பகிடி விட்டார். மனுசனுக்கு அடிக்கவேண்டும்போல எனக்கு வந்தது. கர்ப்பிணிக்கு அடிக்க உரிமை உண்டு என்று ஒரு சட்டம் இருந்தால் அன்றைக்கு அங்கிள் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம். அந்த வருஷத்தின் முதல் நல்ல வெயில், அறை முழுக்கத் தேநீர் நிறத்தில் விழுந்திருந்தது. டீவியில் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. கடைசிநாள் பெயர்களை ஒருவரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. இவர் வாயைத் திறந்தபடி நித்திரை. நானும் அரைக்கண். கதவு தட்டிய சத்தத்தைக் கனவென்றுதான் நினைத்தேன்.

அன்ரி திறந்தார். திறந்தபடியே நின்றார்.

வாசலில் ஒரு பெண். எங்கள் அணியின் பழைய நீலச் சட்டை, கையில் கார்ச் சாவி. படங்களில் கண்ட முகம். தாயைப் பார்க்காமல் டீவியைப் பார்த்தபடி சொன்னாள்.

“உங்கடை ஆளை இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்லை அம்மா. எங்கடை டீம் அடுத்த பிக். அதுதான்... ஒண்டாய்ப் பாப்பம் எண்டு வந்தனான்.”

அன்ரி விலகி வழிவிட்டார். தாரணி உள்ளே வந்தாள். எல்லா இடத்தையும் ஒருமுறை பார்த்தாள், யன்னலை, திரைச்சீலையை, மாறாமல் இருந்த மணிக்கூட்டை. சோபாவில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஓரமாக, எழும்பி ஓடத் தயாரானவளைப்போல இருந்தாள். கார்ச் சாவியைப் பைக்குள் வைக்கவில்லை, கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தாள்.

நான், “நான் பக்கத்து வீடு. இவர் என்ரை மனுசன், இந்தக் குறட்டை விடுறவர்” என்றேன். அவள் கொஞ்சம் சிரித்தாள். எல்லாம் சரியாகப் போகும்போல இருந்தது.

சாய்கதிரை நிமிர்ந்தது.

“ஆ, தாரணிப் பிள்ளையே! கண்டு கனகாலம்” என்றார் ஐந்தாம் மாடி அங்கிள். “தனியவோ வந்தனீர்? எங்கை அவர்?”

தாரணியின் சாவி ‘கிளிங்’ என்றது.

“கேள்விப்பட்டனான்தான். அதுகள் எங்கை இல்லை? வீட்டுக்கு வீடு வாசல்படி. அந்த நேரம் நீர் கொஞ்சம் பொறுத்துப் போயிருந்தால்...”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அன்ரி வந்துவிட்டார்.

வாசற்பக்கம் நின்றவர் எப்படி அவ்வளவு விரைவாக அங்கே வந்தார் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. முழங்கால் நோவுக்கு மருந்து பூசுகிற மனுசி. அங்கிளின் கதிரைக்கும் எங்கள் சோபாவுக்கும் நடுவில் வந்து நின்றார். அங்கிளைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. குள்ளமான ஆள், பருத்திச் சட்டை, நரைத்த கொண்டை. ஆனால் அந்த இடத்திலிருந்து அங்கிளின் முகத்தில் ஒரு துண்டுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

“அவள் பொறுத்தது காணும்” என்றார். “பொறு எண்டு சொன்னவள் நான். பிழை சொன்னவளும் நான். இனி ஆரும் கேக்கிறதெண்டால் என்னட்டைக் கேளுங்கோ. அவளட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாது. என்ரை வீட்டிலை இல்லை, வெளியிலையும் இல்லை.”

குரல் உயரவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். இவர் முழித்து, என்ன ஏது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அங்கிள் என்னவோ முணுமுணுத்தார். “நான் சும்மா கேட்டனான்” என்பதுபோல ஒன்று. பாவம், கெட்டவரில்லை அவர். ஆனால் அன்ரி விலகவில்லை. வேறு யாராவது எங்கிருந்தாவது வந்துவிடுவார்கள் என்பதுபோல அப்படியே நின்றார்.

அவருக்கு அப்பால், ஓரத்தால் தெரிந்த டீவியில் எங்கள் அணியின் பெயர் வந்தது. யாரோ மேடையில் ஏறி ஒரு கடதாசியை விரித்தார். சனம் கத்தியது. எந்தப் பெயரைச் சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, நான் தாரணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தாயின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய கண் மெல்லக் கீழே இறங்கியது. நானும் பார்த்தேன். அன்ரியின் கால் இரண்டும் அகன்று, முழங்கால் கொஞ்சம் மடிந்து இருந்தது.

தாரணி கையிலிருந்த சாவியைத் தேநீர் மேசையில் வைத்தாள். சோபாவில் நன்றாகப் பின்னால் சாய்ந்தாள்.

“அம்மா” என்றாள். குரல் உடைந்திருந்தது. “டீவியை மறைக்கிறியள்.”

“தெரியும்” என்றார் அன்ரி. அசையவில்லை.